முதலாளியின் மேசைக்குப் போகும் பிசினஸ் கேஸ்: எழுதும் முறை

மதுரையில் கப்பலூர் தொழிற்பேட்டையிலும் கே.புதூரிலும் வாடிப்பட்டிப் பக்கத்திலும் உள்ள நடுத்தர நிறுவனங்களில் புதிய இயந்திரம் வாங்குவதும், கணக்கு மென்பொருளை மாற்றுவதும், கூரையில் சூரிய மின்தகடு போடுவதும் பெரும்பாலும் பேச்சிலேயே முடிவாகிவிடுகின்றன. முதலாளி ஷெட்டுக்குள் நடந்து வரும்போது உற்பத்தி மேலாளர் விஷயத்தைச் சொல்வார், முதலாளி தலையசைப்பார், அடுத்த வாரம் கோட்டேஷன் வந்துவிடும். நிறுவனம் ஒருவரின் கண்பார்வைக்குள் இருக்கும் வரை இந்த வழக்கத்தில் பெரிய குறை இல்லை. அடுத்த தலைமுறை பொறுப்புக்கு வந்து, அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு பிரிவைப் பார்த்துக்கொண்டு, வங்கிக் கடனும் சேர்ந்துவிட்ட பிறகு, கையிருப்பு ஒன்றாகவும் கேட்பவர்கள் நான்கு பேராகவும் ஆகிவிடுகிறார்கள். அப்போதுதான் இந்தப் பணம் ஏன் இந்தத் திட்டத்துக்குப் போக வேண்டும் என்பதற்கு எழுத்தில் விடை தேவைப்படுகிறது. பிசினஸ் கேஸ் என்பது அந்த விடைதான்.

வங்கிக்குக் கொடுக்கும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டையே மேலட்டையை மாற்றி இயக்குநர் கூட்டத்தில் வைப்பவர்கள் உண்டு. அது பயன்படாது. கொடுத்த கடன் வட்டியோடு திரும்புமா, திரும்பாவிட்டால் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்பதே வங்கியின் கேள்வி. இதே பணத்தை வேறொன்றில் போட்டால், அல்லது எதிலுமே போடாமல் சி.சி. (கேஷ் கிரெடிட்) கடன் கணக்கில் கட்டி வட்டியைக் குறைத்துக்கொண்டால் இதைவிட நன்றாக இருக்குமா என்பது இயக்குநரின் கேள்வி. முன்னதற்கு எழுதிய விடை பின்னதற்குப் பொருந்துவது தற்செயல்.

எழுதுபவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எந்தத் திட்டமும் பத்துப் பதினைந்து அனுமானங்களின் மீது எழுப்பப்பட்டாலும், அவற்றில் ஒன்றோ இரண்டோதான் முழுப் பாரத்தையும் தாங்குகின்றன. மற்றவை முன்பின்னாக மாறினாலும் முடிவு மாறுவதில்லை. பாரம் தாங்கும் அந்த அனுமானத்தைக் கண்டுபிடித்து முதல் பக்கத்தில் வைப்பதே இந்த எழுத்து வேலையின் சாரம். நான் பார்த்த பிசினஸ் கேஸ்களில் பெரும்பாலானவை அதைப் பதினோராம் பக்கத்து அட்டவணையின் அடிக்குறிப்பில் வைத்திருந்தன. வேண்டுமென்று மறைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அதுதான் தாங்குகிறது என்பது எழுதியவருக்கே தெரியாமல் போயிருக்கலாம்.

தெளிவுக்காக ஒரே எடுத்துக்காட்டைக் கடைசி வரை கொண்டு செல்கிறேன். அதில் வரும் தொகைகள் விளக்கத்துக்காக அமைத்துக்கொண்டவை. சந்தை விலையாகக் கொள்ள வேண்டாம்.

வாகன உதிரி பாகத் தொழிலை ஒட்டி மதுரையில் நெடுங்காலமாக ரப்பர் தொழில் நடக்கிறது. சீல், புஷ், குரோமெட் போன்ற சிறு பாகங்களை வார்க்கும் ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். மோல்டின் (வார்ப்பு அச்சின்) இரு பாதிகளும் சேரும் இடுக்கில் பிதுங்கி வரும் ரப்பர், பாகத்தைச் சுற்றி மெல்லிய பிசிறாக ஒட்டிக்கொண்டிருக்கும். நீண்ட மேசைகளில் வரிசையாக அமர்ந்திருக்கும் பெண்கள் சிறு கத்தரிக்கோலாலும் பிளேடாலும் அதை ஒவ்வொன்றாக வெட்டி எடுக்கிறார்கள். இந்த வேலைக்கு டிரிம்மிங் என்று பெயர். பிளேடின் முனை சீலின் உதட்டில் (மெல்லிய விளிம்பில்) பட்டுவிட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். வண்டியில் பொருத்திய பின் அந்தக் கீறல் வழியே எண்ணெய் கசியும். இதற்கு மாற்றாக கிரையோஜெனிக் (கடுங்குளிர்) முறை ஒன்று உண்டு. மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவ நைட்ரஜனைக் கொண்டு பாகங்களைக் குளிர்விப்பார்கள். மெல்லிய பிசிறு முதலில் விறைத்து நொறுங்கும் நிலைக்கு வந்துவிடும். அப்போது நுண்ணிய பாலிகார்பனேட் மணிகளை வேகமாக அடித்து உதிர்த்துவிடுவார்கள். உற்பத்தி மேலாளர் கேட்பது இந்த இயந்திரத்தைத்தான்.

பிரச்சினையை எழுதுதல்

"டிரிம்மிங் பிரிவில் உற்பத்தித் திறன் குறைவாக உள்ளதால் நவீன இயந்திரம் தேவைப்படுகிறது" என்று தொடங்கும் வாக்கியம் எந்தத் தொழிற்சாலைக்கும் எந்த ஆண்டுக்கும் பொருந்தும். ஆகவே படிப்பவருக்கு அது எதையும் சொல்வதில்லை. போதாக்குறைக்கு, தீர்வைப் பிரச்சினைக்குள்ளேயே வைத்துத் தைத்துவிடுகிறது. இயந்திரம் இல்லாததே குறை என்று எழுதிவிட்டால் இயந்திரம் வாங்குவதைத் தவிர வேறு வழி தெரியாது.

அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: "டிரிம்மிங் மேசைகளில் 24 பேர் வேலை செய்கிறார்கள். பிரஸ்ஸிலிருந்து வரும் பாகம் மேசைகளைக் கடந்து ஆய்வுக்குப் போக மூன்று நாள் ஆகிறது. பிளேடு பட்ட சீல்களைத் திரும்பப் பெற்றதிலும் மாற்றிக் கொடுத்ததிலும் கடந்த நிதியாண்டில் 6 லட்சம் ரூபாய் போயிற்று." இதில் இயந்திரம் என்ற சொல்லே இல்லை. மூன்று எண்களும் பிறகு சரிபார்க்கக் கூடியவை. திட்டம் முடிந்த பின்னும் அதே மூன்றைக் கொண்டே அளந்து பார்க்கலாம்.

எண்களைச் சேகரிப்பதற்கு மென்பொருள் வேண்டியதில்லை. இரண்டு வாரம் ஒவ்வொரு மேசையிலும் ஒரு சீட்டு வைத்து, எந்தப் பாகம் எத்தனை, எத்தனை மணி நேரம், எத்தனை கழிவு என்று எழுதி வாங்கினால் போதும். அந்த இரண்டு வாரத்தில் ஒன்று மாதக் கடைசியாக இருக்கட்டும், ஏனெனில் டெஸ்பாட்ச் நெருக்கடி அந்த வாரத்தில்தான் உண்மை முகத்தைக் காட்டும். சீட்டுகளை வாங்கிய பிறகு மேசைக்குப் பொறுப்பாக இருக்கும் அக்காவிடம் கால் மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். எல்லாப் பாகமும் ஒன்று போல் நேரம் எடுப்பதில்லை, குறிப்பிட்ட ஆறு பாகங்கள்தான் பாதிக்கு மேல் நேரத்தைத் தின்கின்றன என்ற செய்தி எந்த அறிக்கையிலும் இருக்காது, அவரிடம் இருக்கும். நம் எடுத்துக்காட்டில் திட்டத்தின் போக்கையே மாற்றப் போவது அந்தச் செய்திதான்.

ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும்

மாற்று வழிகளைப் பட்டியலிடும்போது முதலில் வர வேண்டியது இப்போதைய நிலை அப்படியே தொடர்வது. பலர் இதை ஒரு வரியில், அதுவும் பயமுறுத்தும் தொனியில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்: போட்டியில் பின்தங்கிவிடுவோம், வாடிக்கையாளரை இழப்போம். முதலாளிகள் இந்த வாக்கியத்தைப் பல முறை கேட்டவர்கள். பின்தங்காமல் இன்று வரை வந்தும் இருக்கிறார்கள். எனவே இந்தப் பகுதியை நேர்மையாகவும் எண்களோடும் எழுத வேண்டும். ஆண்டுதோறும் கூலி எவ்வளவு ஏறுகிறது, டிரிம்மிங்குக்கு ஆள் எடுக்க இப்போது எத்தனை வாரம் ஆகிறது, வாடிக்கையாளரின் தர ஆய்வாளர் கடந்த முறை எழுத்தில் என்ன குறிப்பிட்டார் ஆகியவை ஒரு பக்கம். மறுபக்கத்தில், ஒன்றும் செய்யாமல் இருப்பதன் நன்மைகளும் எழுதப்பட வேண்டும்: பணம் கையில் இருக்கும், கடன் ஏறாது, ஓடிக்கொண்டிருக்கும் உற்பத்தி தடைபடாது. இந்த நன்மைகளை நீங்களே எழுதிவிட்டால் கூட்டத்தில் அவற்றை வேறொருவர் எடுத்துப் போட்டு உங்களை மடக்க வழியிருக்காது.

அடுத்து வருபவை உண்மையான மாற்று வழிகளாக இருக்க வேண்டும். விலை அதிகமான இயந்திரம், விலை நடுத்தரமான இயந்திரம், விலை குறைந்த இயந்திரம் என்று மூன்றை வைத்து நடுவில் இருப்பதைத் தேர்வு செய்வது ஜவுளிக்கடை விற்பனை முறை. அதை மாற்று வழி ஆய்வு என்று சொல்ல முடியாது. நம் ரப்பர் தொழிற்சாலைக்கு வழிகள் நான்கு: இப்படியே தொடர்வது, கிரையோஜெனிக் இயந்திரம் வைத்திருப்பவர்களிடம் கூலி கொடுத்துச் செய்து வாங்க (ஜாப் ஒர்க்) அனுப்புவது, மோல்டுகளைத் திருத்தி, கையால் ஓர் இழு இழுத்தாலே பிசிறு கழன்று வரும்படி பள்ளம் வெட்டிக்கொள்வது, இயந்திரத்தை வாங்குவது. இவை நான்கும் வெவ்வேறு இயல்புடையவை. ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு பணத்தையும் காலத்தையும் தொல்லையையும் கேட்கின்றன.

செலவுப் பக்கம்

கோட்டேஷனில் உள்ள விலை செலவின் தொடக்கம் மட்டுமே. இயந்திரம் 60 லட்சம் என்று வைத்துக்கொண்டால், நைட்ரஜன் தொட்டிக்கான மேடை, குழாய், மின் இணைப்பு ஆகியவற்றுக்கு 6 லட்சம், கொண்டு வந்து நிறுத்திப் பயிற்சி கொடுப்பதற்கு 2 லட்சம் என்று சேர்ந்து 68 லட்சம் ஆகிறது. வெளிநாட்டு இயந்திரமாக இருந்தால் தூத்துக்குடித் துறைமுகத்தில் கட்ட வேண்டிய சுங்க வரியையும், ஆர்டர் கொடுக்கும் நாளுக்கும் பணம் கட்டும் நாளுக்கும் இடையே டாலர் மதிப்பு ஏறக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஜி.எஸ்.டி.யை எங்கே வைப்பது என்பதில் அடிக்கடி தவறு நடக்கிறது. இயந்திரத்தின் மீது கட்டும் வரி உள்ளீட்டு வரி வரவாகத் திரும்புவதால் அதைத் திட்டச் செலவில் சேர்த்தால் செலவு ஊதிவிடும். ஆனால் அது திரும்பும் வரை பணம் கையை விட்டுப் போயிருக்கும் என்பதால் பணப்புழக்க அட்டவணையில் அதற்குக் கட்டாயம் இடம் உண்டு. புதிய ஷெட் கட்டினால் கதை வேறு: நிறுவனம் தன் பயன்பாட்டுக்காகக் கட்டும் கட்டடத்துக்குச் செலுத்திய வரிக்கு வரவு கிடையாது, எனவே முழுத் தொகையும் செலவுதான்; இயந்திரத்தைத் தாங்கும் அஸ்திவாரத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. வரவாக எடுத்துக்கொண்ட வரித்தொகையின் மீது தேய்மானமும் கோர முடியாது. இவை ஆடிட்டருக்கு அன்றாடப் பாடம். முதல் வரைவை அவரிடம் காட்டாமல் கூட்டத்தில் வைப்பவர்களுக்குத்தான் இவை புதுச் செய்தி.

தேய்மானத்தைப் பற்றி இன்னும் ஒரு சொல். பொதுவான இயந்திரங்களுக்கு வருமான வரியில் ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் உண்டு. ஆனால் வாங்கிய நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அந்த ஆண்டுக்குப் பாதிதான். ஆக, அக்டோபர் 3-ஆம் தேதிக்குள் இயந்திரம் ஓடத் தொடங்குமா தொடங்காதா என்பதைப் பொறுத்து முதலாண்டு வரிக் கணக்கு மாறும். திட்டத்தின் தலையெழுத்தை மாற்றும் அளவுக்கு இது பெரிதல்ல, ஆனால் கால அட்டவணையை வரைபவர் தெரிந்திருக்க வேண்டும்.

மானியத்தை எதிர்பார்த்துக் கணக்குப் போடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. மாவட்டத் தொழில் மையம் வழியாக விண்ணப்பித்துப் பெறும் முதலீட்டு மானியம் உண்மையான உதவிதான். என்றாலும் அது இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகு, தன் வேகத்தில் வருவது. மானியம் இல்லாமல் திட்டம் நிற்கிறதா என்று முதலில் காட்டிவிட்டு, கிடைத்தால் இவ்வளவு மேம்படும் என்று தனி வரியில் குறிப்பிடுவதே ஒழுங்கு.

நன்மைப் பக்கம், அல்லது பாரம் தாங்கும் அனுமானம்

இயந்திரம் வந்தால் டிரிம்மிங்குக்கு 24 பேருக்குப் பதில் 10 பேர் போதும் என்கிறார் உற்பத்தி மேலாளர். 14 பேரின் உழைப்பு மிச்சம். ஒருவரின் மாதச் சம்பளம் 13,000 ரூபாய் என்றால் மிச்சமும் 13,000 என்று எழுதுவது குறைவான மதிப்பீடு. முழுச் சம்பளமும் பி.எஃப். கணக்கில் வருவதாகக் கொண்டால் நிறுவனத்தின் பங்கும் நிர்வாகச் செலவும் சேர்ந்து 13 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், கிராஜுவிட்டிக்கு ஒதுக்க வேண்டியது 4.81 சதவீதம், அதன் மேல் விடுப்புச் சம்பளம், வேன், தேநீர், சீருடை. கூட்டினால் நிறுவனத்துக்கு ஒருவர் மாதம் ஏறத்தாழ 18,000 ரூபாய். 14 பேருக்கு ஆண்டுக்கு 30.24 லட்சம். கீறல் விழுந்த சீல்களால் போகும் 6 லட்சத்தில் 4 லட்சம் குறையும் என்று வைத்துக்கொள்வோம். எதிர்ப்பக்கத்தில் நைட்ரஜனுக்கு ஆண்டுக்கு 12 லட்சம், மின்சாரத்துக்கு ஒன்றரை லட்சம், மணிகளுக்கும் பராமரிப்புக்கும் இரண்டரை லட்சம் என 16 லட்சம் செலவு. நிகரமாக ஆண்டுக்கு ஏறத்தாழ 18 லட்சம் மிஞ்சுகிறது. முதலாண்டில் பழகுவதற்கே பாதிக் காலம் போய்விடும் என்று 9 லட்சம் மட்டும் எடுத்துக்கொண்டால், போட்ட 68 லட்சம் நான்கே கால் ஆண்டில் திரும்புகிறது.

பெரும்பாலான அறிக்கைகள் இந்த இடத்தில் ஒரு வரைபடத்தைப் போட்டு முடிந்துவிடும். உண்மையில் இங்குதான் வேலை தொடங்குகிறது. ஒவ்வொரு அனுமானத்தையும் தனித்தனியாக எடுத்து அசைத்துப் பார்க்க வேண்டும். நைட்ரஜன் விலை கால் பங்கு ஏறினால் ஆண்டு மிச்சம் 15 லட்சமாகி, பணம் திரும்ப ஐந்து ஆண்டு ஆகிறது. வலிக்கும், ஆனால் தாங்கலாம். கீறல் நஷ்டம் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை என்றாலும் ஆண்டுக்கு 14 லட்சம் மிஞ்சும். அடுத்து அந்த 14 பேரை எடுத்துக்கொள்வோம். ஆட்குறைப்பு செய்வதில்லை என்பது இந்த நிறுவனத்தின் வழக்கம். டிரிம்மிங்கில் இருப்பவர்கள் பல ஆண்டு வேலை பார்த்தவர்கள், எளிதில் விலக மாட்டார்கள். ஆய்விலும் பேக்கிங்கிலும் காலியாக இருப்பவை 7 இடங்கள் மட்டுமே. மீதி 7 பேர் வேறெங்கோ நின்றுகொண்டு சம்பளப் பட்டியலில் தொடர்வார்கள். அப்படியானால் கூலி மிச்சம் 15.12 லட்சமாகச் சுருங்கி, நிகர மிச்சம் ஆண்டுக்கு வெறும் 3 லட்சத்து 12 ஆயிரம் ஆகிறது. பணம் திரும்ப இருபது ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் இயந்திரம் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

பாரம் தாங்கும் அனுமானம் இதுதான். இயந்திரம் நன்றாக ஓடுமா என்பது இந்தத் திட்டத்தில் பெரிய கேள்வியே இல்லை. விடுவிக்கப்படும் 14 பேருக்கும் வேலை இருக்குமா, அதாவது உற்பத்தி வளருமா என்பதே கேள்வி. வளரும் ஆர்டர் கையில் இருந்தால், புதிதாக ஆள் எடுக்காமல் சமாளிக்கிறோம் என்ற மிச்சம் உண்மையானது. இல்லையென்றால் அது காகிதத்தில் மட்டுமே இருக்கும் மிச்சம். மென்பொருள் திட்டங்களிலும் இதே தவறு வேறு உருவில் வருகிறது. தலா அரை மணி நேரம் வீதம் பத்துப் பேருக்கு நேரம் மிச்சமாகும் என்று எழுதி, அந்த ஐந்து மணி நேரத்தையும் ரூபாயாக்கிவிடுவார்கள். மாதக் கடைசியில் சம்பளச் செலவு ஒரு ரூபாயும் குறைந்திருக்காது.

வேறு திட்டங்களில் வேறு அனுமானங்கள் பாரம் தாங்கும். கூரை சூரிய மின்தகட்டுத் திட்டத்தில் பலர் மொத்த மின்கட்டணத்தை யூனிட்டுகளால் வகுத்து, அந்தச் சராசரி விலையில் மிச்சத்தைக் கணக்கிடுகிறார்கள். எச்.டி. (உயர் அழுத்த) மின் இணைப்பில் யூனிட்டுக்கு ஒரு கட்டணம், டிமாண்டுக்கு (ஒரே நேரத்தில் இழுக்கும் உச்ச மின்சுமைக்கு) ஒரு கட்டணம் என்று பில் இரு பகுதிகளாக வருகிறது. பகலில் வரும் சூரிய மின்சாரம் யூனிட்டைத்தான் குறைக்கும், மாலை ஷிப்டில் பதிவாகும் டிமாண்டைத் தொடாது. மல்லிகையிலிருந்து வாசனைச் சாறு எடுக்கும் ஆலைக்கு எழுதினால் பூ விலைதான் எல்லாம். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, கோடையில் மலிந்து, மார்கழி தைப் பனியில் வரத்துக் குறைந்து பல மடங்கு விலை ஏறும் சரக்கு. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் ஒரே வாரத்தில் விலை தலைகீழாகும். ஆண்டுச் சராசரி விலையைப் போட்டால் ஆலை எந்த மாதத்திலும் வாங்காத விலையில் வாங்குவதாகக் கணக்கு அமையும். ஆலை உண்மையில் கொள்முதல் செய்யும் மாதங்களின் விலையை, அந்தந்த மாதத்தில் வாங்கும் அளவோடு பெருக்கித்தான் எழுத வேண்டும்.

காலத்தின் விலை

பணம் எத்தனை ஆண்டில் திரும்பும் என்ற கணக்கு முதலாளிகளுக்குப் பிடித்தமானது, நியாயமான விருப்பமும்கூட. ஆனால் அது இரண்டு விஷயங்களை மறைக்கிறது: இன்றைய ரூபாயும் ஐந்தாண்டு கழித்து வரும் ரூபாயும் சமமல்ல என்பது ஒன்று, பணம் திரும்பிய பிறகு என்ன வருகிறது என்பது மற்றொன்று. ஆகவே நிகர நிகழ்கால மதிப்பையும், அதாவது வரும் ஆண்டுகளின் வரவை இன்றைய மதிப்புக்குக் குறைத்து, போட்ட பணத்தைக் கழித்தால் மிஞ்சுவதையும், ஒரு வரியில் கொடுங்கள். கடன் வட்டியை ஒட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் கழித்துப் பார்த்தால், மேலே சொன்ன 9 லட்சமும் அதன் பின் ஆண்டுக்கு 18 லட்சமும் என மொத்தம் எட்டு ஆண்டுக்குத் தொடரும்போது, போட்ட 68 லட்சத்தை மீட்டு ஏறத்தாழ 13 லட்சம் மிஞ்சுகிறது. அதே கணக்கை ஐந்து ஆண்டோடு நிறுத்தினால் போட்ட பணத்திலேயே 11 லட்சம் திரும்பாமல் நிற்கிறது. ஆக, இயந்திரம் எத்தனை ஆண்டு பயன்படும் என்பது இரண்டாவது பாரம் தாங்கும் அனுமானம். இதே பாகங்களுக்கு எட்டு ஆண்டு ஆர்டர் இருக்குமா என்று விற்பனைப் பிரிவு கையெழுத்திட்டுச் சொல்ல வேண்டும். மின்சார வண்டிகள் பெருகும் காலத்தில் எஞ்சின் சீல் செய்பவர் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

தங்கள் திட்டத்தின் செலவையும் காலத்தையும் குறைவாகவும் பலனை மிகையாகவும் மதிப்பிடுவது மனித இயல்பு. பிரிட்டன் அரசின் நிதித்துறை இதற்கென்றே விதி வைத்து, பொதுத் திட்டங்களின் மதிப்பீட்டில் இந்த மிகை நம்பிக்கைக்காகச் செலவை உயர்த்திக் காட்டச் சொல்கிறது. நமக்கு அவ்வளவு ஏற்பாடு வேண்டாம். உங்கள் நிறுவனத்தில் கடைசியாக முடிந்த இரண்டு மூன்று திட்டங்களின் கோப்பை எடுத்து, ஒப்புதல் பெற்ற தொகைக்கும் முடிந்த தொகைக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். அந்த விகிதத்தில் உங்கள் செலவைப் பெருக்கி ஒரு கணக்கும் போடுங்கள். அந்தக் கோப்பே கிடைக்கவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

கேட்பதைத் திருத்திக்கொள்வது

இத்தனையையும் செய்த பிறகு, கேட்கத் தொடங்கியதை விட்டு வேறொன்றைக் கேட்க நேரலாம். டிரிம்மிங் அக்கா சொன்ன ஆறு பாகங்களுக்கு மோல்டைத் திருத்த 9 லட்சம் ஆகும் என்றும், அதனால் 5 பேரின் உழைப்பு மிச்சமாகும் என்றும் மோல்டுகளைச் செய்து பராமரிக்கும் டூல் ரூம் மதிப்பிடுகிறது. காலியாக உள்ள 7 இடங்களில் இந்த 5 பேரும் அடங்கிவிடுவார்கள் என்பதால் ஆண்டுக்கு 10.8 லட்சம் என்ற மிச்சம் காகிதத்தைத் தாண்டி நிஜமாகவே நிற்கும். பணம் பத்து மாதத்தில் திரும்பும். மோல்டு டூல் ரூமில் இருக்கும் நாள்களில் அந்தப் பாகத்தின் உற்பத்தி நிற்கும் என்பதால், முன்கூட்டியே சரக்கு சேர்த்து வைக்கும் செலவையும் எழுத வேண்டும். அதே காலத்தில் மீதிப் பாகங்களில் சிலவற்றை ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிப் பார்த்தால், கிலோவுக்கு எவ்வளவு நைட்ரஜன் பிடிக்கிறது, எந்தப் பாகத்தின் உதடு மணியடியைத் தாங்கவில்லை என்பதெல்லாம் சொந்த அனுபவமாகத் தெரிந்துவிடும்.

எனவே திருத்திய பிசினஸ் கேஸ் இப்போது 9 லட்சத்துக்கும் மூன்று மாத ஜாப் ஒர்க் செலவுக்கும் ஒப்புதல் கேட்கிறது. புதிய ஆர்டர் எழுத்தில் உறுதியாகி, மாத உற்பத்தி குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் இயந்திரத்தை மீண்டும் பரிசீலிக்கலாம் என்கிறது. 68 லட்சம் கேட்க நினைத்த மேலாளருக்கு இது சற்றுக் கசக்கும். ஆனால் அடுத்த முறை அவர் பெரிய தொகை கேட்கும்போது முதலாளி அவர் எண்களை நம்புவார். அந்த நம்பிக்கை எந்த இயந்திரத்தையும்விட அவருக்குப் பயன்படும்.

ரூபாயாக்க முடியாத நன்மைகளும் இருக்கும்: பிளேடுக் காயங்கள் குறைவது, வாடிக்கையாளரின் ஆய்வில் மதிப்பெண் கூடுவது போன்றவை. இவற்றுக்கு வலிந்து ஒரு விலை ஒட்ட வேண்டாம். கடந்த ஆண்டு முதலுதவிப் பதிவேட்டில் எத்தனை காயங்கள் பதிவாகியுள்ளன என்று எழுதினால் அதுவே பேசும்.

வளர்ச்சியை நம்பும் திட்டமானால் நடைமுறை மூலதனத்தை மறக்கக் கூடாது. கூடுதல் ஆர்டர் என்றால் கூடுதல் கச்சா ரப்பர், கூடுதல் சரக்கிருப்பு, கூடுதல் வரவேண்டிய பாக்கி. சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிறது; அப்படியே வந்தாலும் அந்த ஒன்றரை மாதத்துக்கான பணத்தை நீங்கள்தான் போட்டாக வேண்டும்.

கால அட்டவணை

கால அட்டவணையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஊரின் நாள்காட்டியைப் பாராமல் வரையக் கூடாது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் இயந்திரத்தை நிறுத்துவதாக எழுதினால், அதைப் படிக்கும் பராமரிப்புப் பிரிவுத் தலைவர் சிரிப்பார். எலக்ட்ரீஷியனும் வர மாட்டார், கிரேன் ஓட்டுநரும் வர மாட்டார். ஆடியில் புதிய இயந்திரத்துக்குப் பூஜை போடச் சம்மதிக்காத முதலாளியிடம் ஜூலைக் கடைசியில் தொடக்க விழா என்று கொண்டு போவதும் அப்படித்தான். ஆவணியில் தொடக்கம் என்று வைத்தால் 180 நாள் விதிக்கும் பொருந்திவரும்.

எழுத்தும் அமைப்பும்

முழு அறிக்கை ஆறேழு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. கோட்டேஷன்களும் சீட்டுக் கணக்கும் பின்னிணைப்பில் இருக்கட்டும். முதல் பக்கத்தில் இருக்க வேண்டியவை: எந்த முடிவு கேட்கப்படுகிறது, எவ்வளவு தொகை, எந்த நாளுக்குள், பலன் என்ன, அது எந்த அனுமானத்தில் நிற்கிறது, அந்த அனுமானம் பொய்த்தால் என்ன ஆகும். பெரும்பாலான முதலாளிகள் அந்தப் பக்கத்தோடு நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தே அதை எழுதுங்கள். "இதற்கு ஒப்புதல் அளிக்கப் பரிசீலிக்கலாம்" என்பது போன்ற வாக்கியம் எதையும் கேட்கவில்லை. "மோல்டு திருத்தத்துக்கு 9 லட்சம் ரூபாய்க்கு ஒப்புதல் கோருகிறோம்" என்று எழுதுவது மரியாதைக் குறைவல்ல.

ஒவ்வொரு நன்மைக்கும் ஒரு பெயர் எதிரே இருக்க வேண்டும். கூலி மிச்சத்துக்கு மனிதவளப் பிரிவு, கீறல் நஷ்டம் குறைவதற்குத் தரப் பிரிவு, ஆர்டர் வளர்ச்சிக்கு விற்பனைப் பிரிவு. வரைவைக் கூட்டத்துக்கு முன்பே அவர்களிடம் காட்டி, எண்ணை ஏற்கிறீர்களா என்று கேட்டுக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கையெழுத்துக்குத் தயங்கும் இடத்தில்தான் பெரும்பாலும் எண்கள் குறையும். கூட்டத்தில் குறைவதைவிட அங்கே குறைவது நல்லது. கணக்குப் பிரிவு எழுப்பும் ஐயங்களையும் அவற்றுக்கான விடைகளையும் பின்னிணைப்பில் அப்படியே சேர்ப்பதும் நல்ல வழக்கம்.

ஒப்புதல் கிடைத்ததும் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் மறு ஆய்வுக்கான நாளை எழுதி, யார் அதை நடத்துவார் என்பதையும் குறிப்பிடுங்கள். மோல்டு திருத்தம் முடிந்து ஆறு மாதம் கழித்து, அதே மேசைகளில் அதே சீட்டுகளை இரண்டு வாரம் வைத்து, 24 என்ற எண் 19 ஆகியிருக்கிறதா, மூன்று நாள் என்பது எத்தனை நாளாகியிருக்கிறது, கீறலுக்காகத் திரும்பி வந்த சீல்களின் தொகை எவ்வளவு என்று பார்த்து ஒரு பக்கக் குறிப்பு எழுத வேண்டும். அந்தக் குறிப்பு பிசினஸ் கேஸ் இருக்கும் கோப்பிலேயே இருக்கட்டும். இயந்திரத்துக்கான கோரிக்கை மறுபடி வரும்போது முதலில் அந்தக் கோப்பைத்தான் கேட்பார்கள்.